குளம் தேடாத தவளை

கோத்தகிரிக்கு மேலே, சோலைக்காட்டை ஒட்டி வீடு கட்டிக் குடியேறி ஓராண்டு ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தி சாய்ந்ததும் வேலிப்புதரில் 'டிக், டிக், டிக்' என்று ஒரு சத்தம். பூச்சி என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார். நீங்கள் டார்ச் அடித்துத் தேடியதில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு தவளை இலைமேல் உட்கார்ந்திருந்தது. அரைக் கிலோமீட்டருக்குள் குளமோ கிணறோ ஓடையோ கிடையாது. ஆகவே கேட்கிறீர்கள்: இது ஏதாவது பெரிய தவளையின் குஞ்சா, என்ன இனம், இதற்காக ஒரு சின்னக் குளம் வெட்டிக் கொடுத்தால் நல்லதா? குழியைப் பாதி தோண்டியாயிற்று என்பதையும் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாக வந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். தண்ணீர் தேங்காத இடத்தில் ஒரு தவளை எப்படிப் பிறந்து, எப்படிப் பிழைக்கிறது? அது விளங்கினால் குழியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

நான் விலங்கியல் படித்தவன். நீலகிரியிலும் பழனி மலையிலும் பதினெட்டு ஆண்டுகளாக மழைக்காலத் தவளைக் கணக்கெடுப்புகளுக்குப் போய்வருகிறேன். அட்டைக்கடியும் நனைந்த சாக்ஸும் பழகிவிட்டன. மரபணு ஆய்வுக்கூட வேலை என்னுடையது அல்ல. அந்தத் துறையில் மற்றவர்கள் நிறுவியதைப் படித்துத் தெரிந்துகொண்டவன். எனவே நேரில் கண்டது எது, ஆய்வில் உறுதியானது எது, என் ஊகம் எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதல் சந்தேகம் எளிதில் தீரும். நீங்கள் பார்த்தது கத்திக்கொண்டிருந்தது என்றால் அது குஞ்சு அல்ல. தவளைகளில் இப்படி ஊரைக் கூட்டுவது வளர்ந்த ஆண். பெண்ணை அழைக்கவும், பக்கத்துப் புதரில் இருக்கும் இன்னொரு ஆணைத் தள்ளி நிற்கச் சொல்லவும் அது கத்துகிறது. தொண்டைக்கடியில் ஒற்றைப் பை பலூன்போல உப்பி உப்பி அடங்கும். உடம்பு அவ்வளவு சிறியதாக இருந்துகொண்டு முப்பது அடி தள்ளிக் கேட்கிற சத்தம் போட அந்தப் பைதான் உதவுகிறது. உங்கள் தோட்டக்காரர் பூச்சி என்று நினைத்ததில் வியப்பில்லை. நானும் முதல் ஆண்டு ஒரு முழு இரவு சுவர்க்கோழியைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு இதைத் தேடியிருக்கிறேன்.

விரல் நுனிகளைப் பார்த்தீர்களா? நீங்கள் அனுப்பிய படம் மங்கலாக இருந்தாலும் நுனியில் சிறிய வட்டத் தட்டுகள் இருப்பது தெரிகிறது. ஈர இலையில் வழுக்காமல் ஒட்டிக்கொள்ள உதவுபவை அவை. அளவு, தட்டுகள், இடத்தின் உயரம், தண்ணீர் இல்லாமை, இந்தச் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது புதர்த்தவளை வகை என்று துணிந்து சொல்வேன். அறிவியல் பெயர் ராவோர்கெஸ்டஸ். இந்தப் பேரினத்தை 2010இல்தான் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். பெயரின் முன்பாதியில் இருக்கும் 'ராவ்', சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெங்களூரில் இருந்துகொண்டு தென்னிந்தியத் தவளைகளை ஆராய்ந்த சி. ஆர். நாராயண ராவ். அதற்கு முன்பு இவையெல்லாம் ஃபிலாட்டஸ் என்ற பெயரில் கிடந்தன. பழைய புத்தகங்களில் தேடினால் அந்தப் பெயர்தான் கிடைக்கும். இன்று இதில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன, பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. பொதுவாக இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைந்தோம்: தண்ணீரில் முட்டை, தலைப்பிரட்டை, பின்னங்கால் முளைத்த தலைப்பிரட்டை, வால் சுருங்கிய குட்டித் தவளை. வயல் தவளைக்கு அந்தப் படம் சரி. புதர்த்தவளை நடுவில் இருக்கும் பக்கத்தையே கிழித்துவிட்டது. இதற்குத் தலைப்பிரட்டைப் பருவம் வெளியே கிடையாது. பெண் தவளை ஈரமான இடத்தில் முட்டையிடுகிறது. மற்ற மாற்றமெல்லாம் முட்டைக்குள்ளேயே நடக்கிறது. முட்டையைக் கிழித்துக்கொண்டு நான்கு காலும் உள்ள முழுத் தவளை வெளியே வருகிறது. துவரம்பருப்பு அளவு இருக்கும். நேரடி வளர்ச்சி என்று இதைச் சொல்வார்கள். இது ஊகம் எதுவும் அல்ல. பல இனங்களில் முட்டையிலிருந்து குஞ்சு வரை பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள், நானும் இருமுறை பார்த்திருக்கிறேன்.

அதைப் பார்ப்பது தனி அனுபவம். முட்டையைச் சுற்றியிருக்கும் கோழை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். உள்ளே வெளிர்மஞ்சள் கருவின்மேல் படுத்திருக்கும் குஞ்சு, சில நாள் கழித்து உள்ளேயே புரண்டு படுக்கும். வால் உண்டு. ஆனால் அது நீந்துவதற்கான வால் அல்ல. மெல்லிய, இரத்தக் குழாய்கள் படர்ந்த ஒரு சவ்வு. அதன் வழியாகத்தான் குஞ்சு மூச்சு வாங்குகிறது. வெளியே வரும் நேரத்தில் அந்த வாலும் உடம்போடு கரைந்துவிடும். பொதுவாக மூன்று, நான்கு வாரம் எடுக்கும். குளிர் கூடினால் நாளும் கூடும். இவ்வளவையும் உள்ளேயே முடிக்க வேண்டுமானால் தாய் கட்டிக்கொடுக்கும் சோறும் நிறைய இருக்க வேண்டும். அதனால் உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் முட்டை பெரியது, எண்ணிக்கை குறைவு. வயல் தவளை ஆயிரக்கணக்கில் போட்டுவிட்டு, மீன் தின்றது போக மிச்சம் பிழைக்கட்டும் என்று போய்விடும். இது போடுவது சில டஜன்தான், பல இனங்களில் அதைவிடக் குறைவு. குஞ்சுக்கு வேண்டிய குளத்தை முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே இடுகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும். சில, சருகுக்கு அடியில் மண்ணைக் கிளறிக் குழி செய்து இடுகின்றன. இலங்கை மலைக்காடுகளில் இவற்றின் நெருங்கிய உறவான சூடோஃபிலாட்டஸ் தவளைகள் இருக்கின்றன. அவற்றில் பெண் தவளை முட்டைகளை மண்ணோடு புரட்டிப் பிசைந்து, மண் உருண்டைகள்போல ஆக்கிவிட்டுப் போவதை ஆய்வாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மண் பூசிய முட்டை கண்ணுக்குப் படாது, ஈரமும் நிற்கும். வேறு சில இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகை. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, உங்கள் வேலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும்.

தெற்கே களக்காடு முண்டந்துறை மலையில், மேல் கோதையாறு பக்கம், ஈத்தை மூங்கில் காடு உண்டு. அங்கே ராவோர்கெஸ்டஸ் சலஸோட்ஸ் என்று பச்சை நிறத்தில் ஒரு புதர்த்தவளை வாழ்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயரிடப்பட்டு, பிறகு நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாமல் இருந்தது. மறுபடியும் கண்டுபிடித்த செய்தி 2011இல் வந்தது. அது முட்டையிடும் விதம் 2014இல் வெளியானது. பூச்சியோ எலியோ ஈத்தையின் கணுவிடையில் சின்னத் துளை போட்டிருக்கும். ஆண் தவளை உடம்பைச் சுருக்கி அந்தத் துளை வழியாக உள்ளே போய், வெற்றுக் குழலுக்குள் இருந்துகொண்டு கத்தும். பெண் வந்து உட்சுவரில் சில முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். அதற்குப் பிறகு காவல் அப்பனுடையது. மாலையில் கொஞ்ச நேரம் இரை தேட வெளியே போய்வருவதைத் தவிர முட்டைகளோடேயே கிடக்கும். ஏன் கிடக்கிறது என்று சோதிக்க அப்பனை அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். காவல் இல்லாத முட்டைகளில் பெரும்பகுதி போய்விட்டது. தின்றவற்றில் அதே இனத்து வேறு ஆண்களும் உண்டு. ஈத்தையைக் கூடை முடையவும் காகிதக் கூழுக்கும் வெட்டுகிறோம். எந்தக் குழலுக்குள் எது குடியிருக்கிறது என்று வெட்டுகிறவருக்குத் தெரிய வழியில்லை.

எல்லா மரத்தவளையும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மலையிலேயே கேட்டிக்ஸாலஸ் வேரியபிலிஸ் என்று ஒரு பெரிய மரத்தவளை உண்டு. அது ஓடை ஓரத்தில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும், அதன் தலைப்பிரட்டைகள் ஓடைநீரில் வளரும். ஒரே சோலையில் ஒன்றுக்கு ஓடை இல்லாமல் முடியாது, மற்றொன்று ஓடையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

என்ன இனம் என்ற கேள்விக்கு என்னால் பாதி பதில்தான் தர முடியும், அது இந்த வகைத் தவளைகளின் குணம். நீலகிரியின் மேல்மட்டத்தில் பழைய புத்தகங்கள் இரண்டு பெயரைச் சொல்லும். ஒன்று டின்னியன்ஸ், 1850களில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரான டி. சி. ஜெர்டன் பெயரிட்டது. லத்தீனில் 'கிணுகிணுப்பது' என்று பொருள். ஆள் தவளையைக் கண்டதற்கு முன்பே சத்தத்தைக் கேட்டிருப்பார் என்று எனக்கு ஒரு சிரிப்பு. மற்றொன்று சிக்னேட்டஸ், 1882இல் லண்டனில் பூலஞ்சர் பெயரிட்டது. கண்ணில் நட்சத்திரம்போலக் கோடுகள் விரியும். பிறகு 2014இல் மரபணு, உருவம், சத்தம், இடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இதே பேரினத்தில் ஒரே கட்டுரையில் ஒன்பது புதிய இனங்களை அறிவித்தார்கள். அதற்கு முன்பே 2011இல் பெயரிடப்பட்ட ஒரு நீலகிரித் தவளை, தோடர்களின் பெயரால் தோடை என்று அழைக்கப்படுகிறது. நிறத்தை வைத்து மட்டும் இவற்றைப் பிரிக்கவே கூடாது. ஒரே புதரில், ஒரே இனத்தில், பழுப்பும் பச்சையும் வரி உள்ளதும் இல்லாததும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். உங்கள் படத்தில் கண்ணும் தெளிவில்லை. வகை உறுதி, இனம் உறுதியில்லை. சிக்னேட்டஸாக இருக்கலாம் என்று மனம் சொல்கிறது, அதை யாரிடமும் என் பெயரைச் சொல்லிச் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: மூணாற்றிலோ கொடைக்கானலிலோ கத்துவது பெரும்பாலும் உங்கள் தவளை அல்ல. நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது, முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்தில். குளிர்ந்த ஈரத்தில் வாழப் பழகிய இரண்டு சென்டிமீட்டர் உயிருக்கு மேட்டுப்பாளையத்து வெயிலும் பாலக்காட்டுக் காற்றும் கடல் மாதிரி. கடக்க முடியாததால் ஒவ்வொரு மலையிலும் தனித்தனியாகவே பெருகித் தனித்தனி இனமாகிவிட்டன. கொடைக்கானல் பக்கத்துக்கு துபுவா என்று ஒரு தனிப் புதர்த்தவளை உண்டு. ஆனைமுடி உச்சியில், 2,695 மீட்டரில், செம்மஞ்சள் நிறத்தில், உடம்பெல்லாம் சுரப்பி புடைத்து, கால் குட்டையான ஒன்று மரத்தையே மறந்து புல் அடியில் நடந்து திரிகிறது. ரெஸ்ப்ளென்டென்ஸ் என்று 2010இல் பெயர் வைத்தார்கள். இரவிகுளம் தேசியப் பூங்காவின் உச்சிப் பகுதியை விட்டால் அதற்கு வேறு நாடு கிடையாது.

பிழைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈர இலையில் வயிற்றை அமுக்கி உட்கார்ந்தால் தோல் உறிஞ்சிக்கொள்ளும். மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். உங்கள் ஊரில் மாலையில் இறங்கும் மூடுபனி இலையில் துளியாகப் படிகிறதே, அது இதற்குக் குடிநீர்க் குழாய். வறண்ட மாதங்களில் மரப்பொந்து, பாசி, சருகு அடி என்று ஒடுங்கிக் கிடக்கும். அப்போது 'தவளை போய்விட்டது' என்று நினைக்க வேண்டாம். முதல் கோடை மழையில் கேளுங்கள்.

இதைக் கொண்டுபோய் வளர்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்த உங்கள் மருமகன் ஆசைக்கும் இந்தத் தோல்தான் பதில். கண்ணாடிப் பெட்டியில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோனால் அங்கே மே மாதத்தைப் பார்க்காது. வனத்துறையின் காட்டிலிருந்து அனுமதியில்லாமல் உயிர் எதையும் எடுப்பது குற்றம் என்பது வேறு. விஷமா என்றால், உங்களுக்கு இல்லை. உங்களால்தான் அதற்கு ஆபத்து: சோப்பு, கொசு எதிர்ப்புக் களிம்பு, கைக்கு வந்த எந்த ரசாயனமும் அந்தத் தோல் வழியே உள்ளே போய்விடும். தொடாமல் பாருங்கள்.

இவை குறைகின்றனவா? உலக அளவில் கணக்கு உண்டு. 2023இல் வெளியான மதிப்பீட்டில் எட்டாயிரம் இருவாழ்விகளைப் பார்த்து, அவற்றில் ஏறக்குறைய 41 விழுக்காடு அழிவின் விளிம்பை நோக்கிப் போவதாகச் சொன்னார்கள். பறவைகளையும் பாலூட்டிகளையும்விட இது அதிகம். இலங்கையில் இதே குடும்பத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் பழைய அருங்காட்சியகப் பாட்டிலில் மட்டும் இருக்கின்றன, காட்டில் இல்லை. தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருப்பது உறுதியாகியிருக்கிறது. மத்திய அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்ததுபோலக் கூட்டமாகச் செத்து விழுந்ததை இங்கே யாரும் பதிவு செய்யவில்லை. அவ்வளவுதான் தெரிந்தது. இனி வருவது என் நினைவும் என் கணிப்பும். நான் வழக்கமாகப் போகும் ஒரு சோலை விளிம்பில், சுற்றிலும் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூக்கலிப்டஸ்) மரமும் நெருங்கிய பிறகு, சத்தம் முன்போல இல்லை. அது மரத்தாலா, அந்த ஆண்டுகளின் மழையாலா, என் காது வயதாலா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதிவு இல்லை. மூடுபனி நாள்கள் குறைந்தால் குளிரைத் தேடி மேலே ஏறலாம், ஆனால் தொட்டபெட்டா 2,637 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. இது பகுத்தறிந்து சொல்வது, கண்டு சொல்வது அல்ல.

உங்களால் ஒரு நல்ல காரியம் செய்ய முடியும். மழை பெய்த மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, தேதி, நேரம், வெப்பநிலை, எத்தனை குரல் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கைப்பேசியில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு எடுங்கள். வெப்பநிலையைக் குறிக்க மறக்க வேண்டாம், குளிரில் இவற்றின் தாளம் மெதுவாகும். பத்து ஆண்டு விடாமல் வைத்த ஒரு வேலியின் பதிவு, நாங்கள் ஆண்டுக்கு மூன்று இரவு வந்து எடுப்பதைவிட மதிப்புள்ளது. தவளையைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஒற்றை ஆளாகத் தேடினால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, எல்லாப் பக்கமும் வருவதுபோல இருக்கும். இரண்டு பேர் பத்தடி தள்ளி நின்று, அவரவருக்கு எங்கே கேட்கிறதோ அங்கே ஒரே நேரத்தில் டார்ச் அடியுங்கள். இரண்டு வெளிச்சமும் வெட்டிக்கொள்ளும் இலையில் பாருங்கள். பார்த்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

வேலியடிச் சருகைக் கூட்ட வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லுங்கள்; அதில்தான் அடுத்த தலைமுறை மண் பூசிக் கிடக்கலாம். அந்தப் பக்கம் களைக்கொல்லி அடிக்க வேண்டாம், வேலியை ஒரே நாளில் முழுவதும் கவாத்து செய்ய வேண்டாம், ஒரு பக்கத்தை அடுத்த பருவத்துக்கு விடுங்கள். தோட்ட விளக்கு இரவெல்லாம் எரிய வேண்டுமா என்றும் யோசியுங்கள். குளம் வந்தால் கொசு வரும், கொசுவுக்கு மீன் விடச் சொல்வார்கள், தண்ணீர் தேடும் வேறு தவளைகளும் வரும். இவர் மட்டும் வரமாட்டார். நீங்கள் தோண்டிய பாதிக் குழியைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் அதே மண்ணால் நிரப்பி, மேலே வேலியடிச் சருகை ஒரு கூடை அள்ளிப் பரப்பி விடுங்கள்.